பிடித்ததைக் கிழித்தவர்

போட்லிப்பா ஊரில் 'கிழிந்தது' என்றால் நல்ல செய்தி. மாட்டுச் சந்தையில் விலை படிந்ததும் தரகர் ஒரு சீட்டை எடுத்து இரண்டாகக் கிழிப்பார். ஒரு பாதி மாட்டின் கொம்புக் கயிற்றில் செருகப்படும், மறு பாதி வாங்கியவன் சட்டைப் பையில் போகும். வாசலில் இரண்டும் பொருந்தினால் மாடு வெளியே போகலாம். சீட்டு முழுதாக இருக்கிறது என்றால் அந்த மாட்டை எவனும் கேட்கவில்லை என்று பொருள். அதனால் சந்தைக்குப் போய் வந்தவனிடம் பெண்டாட்டி முதலில் கேட்பது "கிழிஞ்சுதா?" என்பதுதான். பெண் பார்த்துவிட்டுத் திரும்பியவனிடமும் அதே கேள்வி. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாதவனுக்கு அங்கே 'முழுச் சீட்டு' என்று பெயர்.

இந்தச் சீட்டுகளைக் கிழிக்கும் தொழில் லிபேய் க்ரோபிவ்னிக்குடையது. திராவா ஆற்றுக்குத் தெற்கே மலையடிவாரம் முழுக்க அவர்தான் தரகர். பெரிய அறிவாளி என்று சொல்ல முடியாது. நேர்மையானவர் என்பதையும் அளவோடுதான் சொல்ல வேண்டும். பல் தேய்ந்த பசுவை 'அனுபவசாலி' என்பார், உதைக்கிற மாட்டை 'சுறுசுறுப்பு' என்பார். ஆனால் அவர் விற்பவன் பக்கமும் சாயமாட்டார், வாங்குபவன் பக்கமும் சாயமாட்டார். இரண்டு பேரின் கைகளையும் சேர்த்துப் பிடித்து, மேலே தன் கையால் ஓங்கி ஒரு அடி அடிப்பார். அந்த அடியோடு பேச்சு முடிந்தது. அந்தக் கைதான் அவருடைய சொத்து. அதில் ஒருவன் கை வைக்க யோசித்தான் என்றால் அன்றோடு அவர் பிழைப்பு போயிற்று.

இப்படி நடுவில் நிற்பது அந்தப் பள்ளத்தாக்கில் வர வர கஷ்டமாகிக்கொண்டிருந்தது. அவர் வாலிபத்தில் ஊருக்கு ஒரே பாட்டுக் குழு இருந்தது. ஒரே ஆள் மாட்டை ஸ்லோவேனிய மொழியில் திட்டிவிட்டு ஜெர்மனில் விலை சொல்வான். யாரும் அதைக் கவனித்ததில்லை. பிறகு யாரோ கவனித்தார்கள். பாட்டுக் குழு மொழிக்கு ஒன்றாக இரண்டாயிற்று. வாசகசாலை இரண்டு, சேமிப்பு வங்கி இரண்டு, கடைசியில் தீயணைப்புப் படைகூட இரண்டு. லிபேய் இரண்டு குழுவிலும் கீழ்க்குரல் பாடிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்த அன்று தொண்டை கட்டிவிட்டது என்று வீட்டில் படுத்துக்கொண்டார். அதன்பிறகு அந்தத் தொண்டை சரியாகவே இல்லை.

போர் வந்தது. ஆஸ்திரியப் பேரரசரின் சேனை தரகர் இல்லாமலே மாடுகளை ஓட்டிக்கொண்டு போயிற்று. போர் முடிந்தபோது பேரரசரும் இல்லை, மாடுகளும் அதிகம் இல்லை. போட்லிப்பா யாருக்கு என்ற கேள்விதான் மிச்சம். தெற்கே புதிதாக முளைத்த யூகோஸ்லாவிய அரசின் படை வந்து உட்கார்ந்தது. வடக்கே ஆஸ்திரியா, அது எங்கள் மண் என்றது. நடுவில் திராவா ஆற்றில் ஒரு கோடு போட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் செலோவெட்ஸ் நகரம், அங்கேதான் பெரிய சந்தை. மாடு இந்தக் கரையில் கத்த, வாங்குபவன் அந்தக் கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பாரிசில் கூடிய பெரியவர்கள் யோசித்து, ஊர்க்காரர்களையே கேட்டுவிடலாம் என்றார்கள். 1920 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓட்டு உண்டு. பச்சைச் சீட்டு ஆஸ்திரியாவுக்கு, வெள்ளைச் சீட்டு யூகோஸ்லாவியாவுக்கு.

லிபேயின் மனசு பச்சையில் இருந்தது. அது நாட்டுப்பற்று என்று சொல்ல முடியாது. செலோவெட்ஸ் சந்தை அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். அவர் மனைவி யேராவின் மனசு வெள்ளையில். பள்ளிக்கூடத்தில் தாய்மொழியான ஸ்லோவேனியத்தில் ஒரு வார்த்தை பேசியதற்காக முட்டி போட வைக்கப்பட்டவள் அவள். அந்த முட்டி இன்னும் எதையும் மறக்கவில்லை.

"சந்தையைத் திங்க முடியுமா?" என்பாள்.

"மொழியை மட்டும் திங்க முடியுமா?" என்பார் அவர்.

"உன் வாயில மாட்டைத் தவிர வேற எந்த மொழி இருக்கு, நீ ஏன் கவலைப்படற?"

வெளியே மட்டும் லிபேய் வாயைத் திறக்கவில்லை. பச்சைக் கட்சிக்கு மரமில் முதலாளி ஹாஃப்னர் தலைவர். வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்தார். வெள்ளைக் கட்சிக்குப் பள்ளி ஆசிரியர் திராத்னிக்; அவர் உப்பும் மண்ணெண்ணெயும் கொடுத்தார். இருவரும் லிபேயைத் தனித்தனியே மடக்கிக் கேட்டார்கள். இருவரிடமும் அவர், "நல்லது நடக்கணும்" என்றார். அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஓட்டுப் போடும் முறையை லிபேய், பூசைக்கு மணி அடிக்கும் கோயில்பிள்ளையிடம் பாதிதான் கேட்டார். ஆளுக்கு இரண்டு சீட்டு தருவார்கள், ஒன்றைக் கிழித்து இரண்டையும் உறையில் போட வேண்டும் என்று கோயில்பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கும்போதே லிபேய் தலையாட்டிவிட்டார். கிழிப்பதைப் பற்றி அவருக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? சாராயக்கடைச் சுவரில் இரண்டு மொழியிலும் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அதை அவர் படிக்கவில்லை. தெரிந்த விஷயத்தை யார் படிப்பார்கள்? மனிதன் செய்கிற தப்புகளில் பெரும்பாலானவை தெரியாமையால் வருவதில்லை. வேறு ஒரு இடத்தில் சரியாகத் தெரிந்ததால்தான் வருகின்றன.

தன்னோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு ஓட்டின் கதை. வாக்கெடுப்புக்கு முந்தைய வாரம் அவர் மேலே கோரித்ஸா குடியிருப்புக்குக் கன்று பார்க்கப் போனார். மலைமேல் சில வீடுகள். அங்கே உள்ளவர்கள் மாடு, பூசை இரண்டுக்கு மட்டும் கீழே இறங்குவார்கள். "எப்படிடா ஓட்டுப் போடறது?" என்று கேட்டார்கள். லிபேய் திண்ணமாகச் சொன்னார்: "ஒண்ணும் கஷ்டமில்ல. பிடிச்சதைக் கிழி, மத்ததை அப்படியே விடு. சந்தை மாதிரிதான்." எல்லோருக்கும் புரிந்தது. இவ்வளவு தெளிவாக எந்த அரசாங்கமும் அவர்களுக்கு எதையும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் லிபேய் பள்ளிக்கூடத்துக்குப் போனார். உள்ளே வாக்கெடுப்பை நடத்த வந்த ஒரு இங்கிலாந்து அதிகாரி, பக்கத்தில் திரியெஸ்த் நகரத்து மொழிபெயர்ப்பாளர், ஒரு பெட்டி. பெஞ்சில் ஒரு மூலையில் ஹாஃப்னர், மறு மூலையில் திராத்னிக், இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். லிபேய் திரைக்குப் பின்னால் போனார். பச்சைச் சீட்டை எடுத்து, பல்லாயிரம் மாடுகளை விற்ற விரல்களால் ஒரே இழுப்பில் கிழித்தார். சத்தம் வெளியே வரை கேட்டது. கிழிந்த பச்சையையும் முழு வெள்ளையையும் உறையில் வைத்துப் பெட்டியில் போட்டார்.

வாசல்படியில் கால் வைக்கும்போது, அடுத்து வந்த கிழவரிடம் மொழிபெயர்ப்பாளர் சொல்வது காதில் விழுந்தது.

"வேண்டாததைக் கிழிங்க பெரியவரே. வேண்டியதை முழுசா விடுங்க."

லிபேய் நின்றார். "என்ன சொன்னீங்க?"

"வேண்டாததைக் கிழிக்கச் சொன்னேன்."

"வேண்டாததையா?"

"ஆமாம். நீங்க அப்படித்தானே செஞ்சீங்க?"

"அப்படித்தான், அப்படித்தான்," என்று சொல்லிக்கொண்டே லிபேய் வெளியே வந்தார். தன் ஓட்டு போனது கூட அப்போது நினைவில்லை. மலைப்பாதையில், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், கோரித்ஸா இறங்கி வந்துகொண்டிருந்தது. அதில் முன்னால் வந்த நாலைந்து பேர் ஏற்கெனவே வரிசையில் நின்று உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். கூப்பிடாவிட்டால் ஒரு குடியிருப்பே தலைகீழாக ஓட்டுப் போடும். தெரிய வந்தால் இரண்டு கட்சியும் அவரைக் கிழிக்கும். பிறகு எவன் அவர் கையில் கை வைப்பான்?

அவர் மேட்டை நோக்கி ஓடினார். முதலில் எதிரே வந்தது விதவை பார்பா ஒராஜே. குடியிருப்பிலேயே வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள்.

"பார்பா அத்தை, நான் சொன்னது தலைகீழ். பிடிக்காததைத்தான் கிழிக்கணுமாம்."

பார்பா நின்று மூச்சு வாங்கினாள். "பிடிக்காததை எதுக்குடா கிழிக்கணும்? பிடிக்காத மாட்டை நீ தொடுவியா?"

"தொடமாட்டேன் அத்தை. ஆனா அரசாங்கம் அப்படித்தான் கேக்குது."

"அரசாங்கத்துக்கு மாட்டு வியாபாரம் தெரியாது போல."

"தெரியாதுதான். போர்ல நம்ம மாட்டை எப்படி ஓட்டிட்டுப் போனான்னு பாக்கலையா?"

"அதுவும் சரி." அவள் யோசித்தாள். "அப்போ எனக்குப் பிடிச்சது இந்த..."

"சொல்லாத அத்தை. என்கிட்டச் சொல்லாத. எதுவா இருந்தாலும் அதை விட்டுட்டு இன்னொண்ணைக் கிழி."

"இன்னொண்ணுன்னா எது?"

"பிடிக்காதது."

"ரெண்டுமே பிடிக்கலைன்னா?"

அந்தக் கேள்விக்குப் பாரிசில்கூட யாரும் பதில் வைத்திருக்கவில்லை. லிபேய் அடுத்தவரிடம் ஓடினார். ஒவ்வொருவர் காதாகப் போய், கையால் காற்றைக் கிழித்துக் காட்டி, தலையை ஆட்டி, மறுபடி கிழித்துக் காட்டி விளக்கினார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு ஆள் ஊர்க்காரர்களைப் பயமுறுத்துவது போலவே இருந்தது.

தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பள்ளிக்கூட ஜன்னலில் ஹாஃப்னரின் தலையும் திராத்னிக்கின் தலையும் ஒன்றாகத் தெரிந்தன. பல வருஷத்தில் அவர்கள் அவ்வளவு நெருங்கி நின்றது அன்றுதான். இருவரும் வெளியே வந்தார்கள்.

"என்ன லிபேய் அண்ணே," என்றார் ஹாஃப்னர், "நேத்து வரைக்கும் வாயில கொழுக்கட்டை. இன்னைக்கு ஓட்டுச்சாவடி வாசல்ல பிரசாரமா?"

"யாருக்காக?" என்றார் திராத்னிக். "அதைச் சொல்லிட்டுப் பண்ணுங்க. மறைஞ்சு நின்னு பண்றது அசிங்கம்."

"யாருக்காகவும் இல்ல வாத்தியாரே."

"காத்துல கையை ஆட்டினீங்களே, ஈ ஓட்டினீங்களா?"

அவரை அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வாசலில் பிரசாரம் செய்தால் கைது என்று விதி. அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏதோ கேட்டார். "இந்த ஆட்களிடம் என்ன சொன்னாய் என்று கேட்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

லிபேய் சுற்றிலும் பார்த்தார். அறை நிறைய ஆட்கள். அத்தனை பேரும் என்றாவது ஒரு நாள் அவர் கையில் கை வைத்தவர்கள். பொய் சொல்ல நேரம் இருந்தது. மாட்டின் வயதைக் குறைத்துச் சொல்லிப் பழகிய நாக்குக்குப் பொய் ஒரு பாரமா? ஆனால் எந்தப் பொய் சொன்னாலும் அது ஏதோ ஒரு கட்சிக்குச் சாதகமாக முடியும் என்று அவருக்குத் தெரிந்தது. யாருக்கும் சாதகமில்லாத ஒரே பேச்சு உண்மைதான். அதில் அசிங்கப்படுவது அவர் மட்டும்.

"பிடிச்சதைக் கிழிக்கச் சொல்லிட்டேன்," என்றார். "போன வாரம். கோரித்ஸா பூராவுக்கும். சந்தைப் பழக்கம். இப்பதான் தெரிஞ்சுது. அதைத் திருத்திக்கிட்டிருந்தேன்."

மொழிபெயர்ப்பாளர் முதலில் மொழிபெயர்க்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. "நீங்களும் அப்படித்தான் போட்டீர்களா?" என்று கேட்டுவிட்டு, உடனே கையை உயர்த்தி, "பதில் சொல்ல வேண்டாம், அது ரகசியம்," என்றார். லிபேயின் முகமே பதில் சொல்லிவிட்டது. நல்லவேளையாக அது பச்சையா வெள்ளையா என்று முகத்தில் தெரியவில்லை.

அறை வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஹாஃப்னர் எழுந்தார். "ஏற்கெனவே போட்ட கோரித்ஸாக்காரங்க எல்லாம் என் ஆளுங்க. அவங்க ஓட்டு கெட்டுப்போச்சு. மறுபடி போட விடணும்."

"உங்க ஆளுங்களா?" என்றார் திராத்னிக். "அவங்க எங்க ஆளுங்க. மறுபடி போட்டா எங்களுக்குத்தான் லாபம், போடட்டும்."

அதிகாரி மொழிபெயர்ப்பாளர் வழியாக மெல்லக் கேட்டார்: "ரகசிய ஓட்டு. அவர்கள் யாருடைய ஆட்கள் என்று உங்கள் இருவருக்கும் எப்படித் தெரியும்?"

சர்க்கரையையும் உப்பையும் பற்றிச் சொல்லாமல் அதற்கு விளக்கம் தர முடியாது. வரிசையில் நின்ற பார்பாதான் உதவிக்கு வந்தாள்.

"ரெண்டு பேரும் கொடுத்தாங்க, ரெண்டு பேர்கிட்டயும் வாங்கினோம். சர்க்கரை கொஞ்சம் ஈரம்."

மறு ஓட்டுப் பேச்சு அத்தோடு போயிற்று. லிபேயை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் யேரா அடுப்பிலிருந்து சோளக்களியை இறக்கிக்கொண்டிருந்தாள். செய்தி அவருக்கு முன்னாலேயே வந்திருந்தது.

"நீ எதைக் கிழிச்ச?" என்றாள்.

"பச்சையை."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்போ உன் ஓட்டு வெள்ளைக்கு."

"ஆமாம்."

"இருபது வருஷக் குடித்தனத்துல இன்னைக்குத்தான் நான் சொன்னதைச் செஞ்சிருக்க." அவள் தோள் குலுங்கியது, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள்.

"நீ எதைக் கிழிச்ச? நான் சொன்னபடியா?"

"நான் சுவத்துல படிச்சேன் மனுஷா. உன் பேச்சைக் கேட்டு நான் மாட்டைக்கூட வாங்கினதில்ல."

அவர் களியில் புளித்த பாலை ஊற்றிச் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே எவனும் கூப்பிடமாட்டான் யேரா," என்றார். அவள் அதற்குக் கேலி செய்யவில்லை. இன்னொரு கரண்டி களி வைத்தாள்.

முடிவு வந்தது. பச்சை ஜெயித்தது, போட்லிப்பாவிலும் நல்ல வித்தியாசத்தில். கோரித்ஸாவின் நாலைந்து ஓட்டு எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அது லிபேய்க்கு ஆறுதல்தான். கூடவே ஒரு குறையும் இருந்தது. இவ்வளவு பெரிய தப்பைச் செய்தும் சரித்திரம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியபோது இன்னொரு சீட்டு வந்தது: 'சரி' என்பதற்கு நடுவில் பெரிதாக ஒரு வட்டம், 'வேண்டாம்' என்பதற்கு ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம். கிழிக்க ஒன்றுமில்லை. "இந்தத் தடவை தப்புப் பண்ணவே வழியில்ல," என்று லிபேய் வந்து சொன்னபோது யேரா சிரிக்கவில்லை. அதற்குப் பின் வந்த போரில் அந்த ஊரின் சில வீடுகளைக் குடும்பத்தோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், வீட்டில் பேசிய மொழிக்காக. லிபேய் அதைப் பார்க்க இருக்கவில்லை, யேரா பார்த்தாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. 1920 நவம்பரில் அவருடைய கவலை ஒன்றே ஒன்று. புனித லியோனார்து நாள் சந்தை, வருஷத்தின் பெரிய சந்தை. லிபேய் விடியற்காலையிலேயே போய் நின்றார். "வாங்க லிபேய், என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?" என்று ஒருவன் கேட்டான். "பிடிக்காத மாடு ஒண்ணு இருக்கு, கிழிக்கிறீங்களா?" என்றான் மற்றவன். மதியம் வரை இப்படியே போயிற்று. மாடுகள் கைமாறிக்கொண்டிருந்தன, புதிதாக ஒரு பையன் தரகு பேசிக்கொண்டிருந்தான். லிபேய் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். வெறும் கையை வெளியே தொங்கவிட அன்று அவருக்கு என்னவோ போல் இருந்தது.

கிளம்பலாம் என்று நினைத்தபோது திராத்னிக் வந்தார். பள்ளிக்கூடத்தில் இனி அவருக்கு வேலையில்லை. குடும்பத்தோடு மலைக்கு அப்பால் தெற்கே போகிறார். பசுவைக் கூட்டிப் போக முடியாது. நல்ல பசு, சினை. அதை வாங்கக்கூடிய வசதியுள்ளவர் சந்தையில் ஒருவர்தான் இருந்தார்.

"ஹாஃப்னரா?" என்றார் லிபேய்.

"அந்தப் பேரைச் சொல்லாதீங்க. அந்த ஆள்கிட்ட நான் பேசமாட்டேன்."

"அந்தப் பையனை அனுப்பலாமே."

"அவன் அந்த ஆள் மில்லுல வேலை பாக்கறவன் மகன். எனக்கு எப்படி நம்பிக்கை வரும்?"

லிபேய் ஹாஃப்னரிடம் போனார். ஹாஃப்னர் பசுவை ஏற்கெனவே கண்ணால் அளந்து வைத்திருந்தார். "பசு நல்லாத்தான் இருக்கு. ஆனா வாத்தியான் ஏமாத்திடுவான். நடுவுல யாரு?"

"நான்தான். வேண்டாம்னா போயிடறேன்."

ஹாஃப்னர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னையும் நம்ப முடியாது. நீ எங்க ஆளா அவங்க ஆளான்னு ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்துட்டேன் அண்ணே. ஒண்ணும் புரியல."

"எனக்கும் புரியல," என்றார் லிபேய்.

அதில் பொய் இல்லை. மனசு ஒரு பக்கம், சீட்டு மறு பக்கம் போன ஒரு ஆளை எந்தக் கட்சியும் தன் கணக்கில் எழுத முடியாது. அந்தப் பள்ளத்தாக்கில் அப்படி ஒருத்தர் மிச்சமிருப்பது அதிசயம்தான். அந்த அதிசயம் அறிவால் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"சரி, வா," என்றார் ஹாஃப்னர்.

பசுவின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் நின்றார்கள். ஒருவர் சொன்னதை லிபேய் மற்றவருக்குச் சொன்னார், இருவருக்கும் நன்றாகவே காது கேட்டாலும். 'கஞ்சப் பிசினாறி' என்று வந்ததை 'கொஞ்சம் யோசிக்கிறார்' என்று மாற்றினார். 'ஊரை விட்டு ஓடறவனுக்கு இது போதும்' என்று வந்ததைச் சொல்லவே இல்லை. காதில் விழாதவர் போல் பசுவின் கழுத்தைச் சொறிந்தார். விலை மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது.

"கையைக் கொடுங்க," என்றார்.

திராத்னிக் கையை நீட்டினார், முகத்தை மலைப்பக்கம் வைத்துக்கொண்டு. ஹாஃப்னரும் நீட்டினார், முகத்தை ஆற்றுப்பக்கம் வைத்துக்கொண்டு. லிபேய் இரண்டு கைகளையும் சேர்த்துத் தன் உள்ளங்கையில் ஏந்தினார். ஒன்றில் சுண்ணாம்புக்கட்டித் தூள் ஊறிய விரல்கள், மற்றொன்றில் மரச்சிராய் கிழித்த தழும்புகள். ஓங்கி அடிக்க வேண்டிய கையை மேலே தூக்கியவர், அடித்தால் அவை பிரிந்துவிடும் என்பது போல் அதை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"என்னண்ணே, அடிக்கறதும் மறந்துபோச்சா?" என்றார் ஹாஃப்னர்.

"இல்ல," என்றார் லிபேய். "கொஞ்சம் பொறு. அவசரம் ஒண்ணுமில்ல."